வாளித் தண்ணியின் நிறம்

இழுக்கக் கூடாது. இழுத்தால் தீர்ந்தது. எப்சிபாய் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, கையுறை மாட்டிய இடது கையால் சொரிமுத்து அண்ணாச்சியின் தாடையைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் பிடித்த சிரிஞ்சால் உப்புத்தண்ணியைச் சொட்டுச் சொட்டாகக் காஸ் துணி மேல் விட்டுக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி, தச்சநல்லூரில் தண்டவாளத்தை ஒட்டிய சந்து, வெயில் ஓட்டுக்கு மேல் நின்று காய்ச்சிக்கொண்டிருந்தது. துணி அசையவில்லை. மூணு மடிப்புக் காஸ் துணி, காய்ந்து விறைத்து, கழுத்துப் புண்ணோடு புண்ணாக ஒட்டிப்போயிருக்கிறது. நனைக்காமல் துணி வைக்காதீங்க, ராத்திரி கசிந்தால் எந்நேரம் ஆனாலும் போன் போடுங்க என்று இந்த வீட்டுப் பொம்பளையிடம் எத்தனை தடவை சொல்லியாச்சு. போன் போடவில்லை. சிஸ்டருக்கு எதுக்குத் தொந்தரவு என்று நினைத்தாளாம். நல்ல மனசுதான், அந்த நல்ல மனசைத் தூக்கி அடுப்பில் போட. பாக்குப் போட்ட வாயில் கிளம்பிய புற்று கழுத்துக்கு இறங்கி, தோலைத் தின்று, வெளியே வந்து காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடியில் தலைக்கு ரத்தம் கொண்டு போகிற பெரிய குழாய். குழாய்க்கும் இந்தத் துணிக்கும் நடுவில் இன்றைக்கு எவ்வளவு சதை மிச்சம் இருக்கிறது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். துடிப்பு துணிக்கு மேலேயே தெரிகிறது. துணி ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கைக்குள் ஒன்று சொல்கிறது, இழு. ஒரே இழுப்பு. இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். பதினொரு வருஷமாக, இனி செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஆட்களைத் தேடிப்போய், மருந்து கொடுத்து, புழு எடுத்து, கட்டுப் போட்டு, கடைசி மூச்சு வரைக்கும் கூட உட்கார்ந்திருக்கிறவள். சாவைப் பார்த்து அவளுக்குப் பயமே கிடையாது. நாலு மாசமாக அவளுக்குப் பயமெல்லாம் தன் கையைப் பார்த்துத்தான். இன்னும் கொஞ்சம் தண்ணியை உறிஞ்சி எடுத்து விட்டாள்.

முதல் மடிப்பின் ஓரம் லேசாக இளகியது. விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள், வந்தது, விட்டுவிட்டாள். அவசரம் கூடாது. கைப்பையில், தனி டப்பாவில், அந்த ஊசி நிரப்பித் தயாராக இருக்கிறது. இந்த மாதிரிக் கழுத்துப் புண் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது கூடவே வரும், திரும்பிப் போகும்போது எண்ணிக்கை காட்டி ஆஸ்பத்திரி பூட்டுக்குள் போய்விடும். பெரிய குழாய் உடைந்தால் யாராலும் தடுக்க முடியாது, மூணு நிமிஷம்தான். அந்த மூணு நிமிஷமும் மனுஷன் தன் ரத்தத்தைத் தானே பார்த்துக்கொண்டு, பயத்தில் கையைக் காலை உதறிக்கொண்டு போகக் கூடாது, தூங்கிப் போகட்டும் என்பதற்குத்தான் அந்த ஊசி. கொல்வதற்கு இல்லை. டாக்டர் ஜெபஸ்டின் வகுப்பில் இதைப் பலகையில் எழுதியே போட்டார், இது சாக வைக்கிற ஊசி இல்லை, சாகிறவரைத் தூங்க வைக்கிற ஊசி. சரி டாக்டர். ஆனால் சாகாத ஆளுக்குப் போட்டால்? எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனுஷனுக்கு, சின்னக் கசிவைப் பெரிய உடைப்பு என்று நினைத்துப் போட்டுவிட்டால்? மூச்சு அடங்கிப்போகும். ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது, ரத்தம் பெருசா சின்னதா. அதைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்கிற நர்ஸ். அதோடு டவல். வீட்டுக்கு மூணு டவல் கொடுப்பார்கள், கெட்டி மெரூன் நிறம். வெள்ளைத் துணியில் ஒரு கை ரத்தம் ஊர் ரத்தம் மாதிரித் தெரியும், வீட்டாள்கள் அலறுவார்கள், நோயாளி பார்த்துவிடுவார். மெரூன் டவலில் எவ்வளவு ரத்தம் வந்தாலும் வெறும் ஈரம்தான் தெரியும். யாரோ புத்திசாலி கண்டுபிடித்தது. எப்சியே புதுசாக வருகிற நர்சுகளுக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்றால் யாருக்கும்தான் தெரியாது, அடியே, உனக்கும் சேர்த்துத்தான். அது அவளுக்கு உறைத்தது நாலு மாசத்துக்கு முன்னால். இப்போது அதை நினைக்காதே. நினைக்காமல் துணியைப் பார்.

சொரிமுத்து கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருப்பதால் பேச்சு கிடையாது. பேத்தியின் சிலேட்டும் பலப்பமும்தான் வாய். அறுபத்திரண்டு வயசு, முப்பத்தெட்டு வருஷம் கறிக்கடை, ஞாயிற்றுக்கிழமையானால் விடியுமுன் பதினைந்து ஆடு. மூன்று வாரத்துக்கு முன்னால், கழுத்து ரத்தக் குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று அவர் நேருக்கு நேராகக் கேட்டபோது எப்சி மறைக்காமல் சொன்னாள், அதிகம் போனால் மூணு நிமிஷம் அண்ணாச்சி, நான் பக்கத்தில் இருந்தால் தூங்க வைத்துவிடுவேன். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். ‘நான் அறுத்தா ஒரு நிமிசம். இதுக்கு ஏன் மூணு?’ எழுதிவிட்டுச் சிரித்தார், அந்தப் பாதி வாயால். அவர் கை இன்னும் அப்படியே இருக்கிறது. உடம்பு முழுக்க வற்றிப்போய் அந்தக் கை மட்டும் வற்றவில்லை, மணிக்கட்டு உலக்கை மாதிரி. முழங்காலைப் போட்டு விலாவை அமுக்கி, காதைப் பிடித்துத் தலையைத் திருப்பி, கத்தியை ஒரு இழுப்பு. ஆட்டுக்குக் கடைசி வரைக்கும் கண் திறந்தே இருக்கும் என்று ஒரு நாள் எழுதினார், கேட்காமலேயே. கால் உதறும், அது உயிர் இல்லை, சும்மா உதறல். கண்தான் உயிர். கண்ணில் பாலேறினால் தோலை உரிக்கலாம். இதையெல்லாம் எதுக்கு என்னிடம் சொல்கிறீர், நான் என்ன கறி வாங்கவா வந்திருக்கிறேன். ஆனால் அவர் வேறு யாரிடம் சொல்வார், சாகப்போகிற மனுஷன் தனக்குத் தெரிந்த சாவைத்தானே பேசுவான். எப்சி அவர் கண்ணைப் பார்க்காமல் துணியைப் பார்த்தாள். முதல் மடிப்பு முழுசாக வந்துவிட்டது. மஞ்சளும் பழுப்புமாக, அழுகின வாடையோடு வந்தது. வாடை அவளுக்கு ஒன்றும் செய்யாது.

கதவோரம் அவர் பெண்டாட்டி பிரமு அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். முழுப் பெயர் பிரம்மசக்தி, அந்தப் பெயருக்கும் அவள் வாழ்ந்த வாழ்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலது கையில் மோதிர விரல் கோணலாக வெளியே நிற்கிறது. கறிக்கடைத் தராசுப் படிக்கல்லால் வைத்த அடி, கல்யாணமான மூணாம் வருஷம், குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு. இடது காது கேட்காது, அது வேறொரு நாள். இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, எப்சிக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதை மாதிரிச் சொன்னாள். போன வாரம் அடுக்களையில் வைத்து இன்னொன்று சொன்னாள். எப்சி குவளையை வாயில் வைத்த நேரம், அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஊசிய இன்னைக்கே போட்டுரக் கூடாதா, சிஸ்டர்? அவுகளும் பட்டது போதும், நானும் பட்டது போதும்.”

எப்சி என்ன சொன்னாள், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அது அப்படிப் போடுகிற ஊசி இல்லை அக்கா, சட்டமும் விடாது, சாமியும் விடாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள். பாடம் மாதிரி வந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கசந்தது, ஏனென்றால் உள்ளே ஒருத்தி வேறு சொன்னாள். போட்டால் என்ன, இவனுக்கு. படிக்கல்லால் அடித்தவனுக்கு. அந்த உள்ளே இருக்கிறவள் யாரென்று எப்சிக்குத் தெரியும், அவளுக்குப் பயந்துதான் நாலு மாசமாக ராத்திரி விளக்கை அணைக்காமல் படுக்கிறாள். ஏனென்றால் அடி விழுகிற வீடு எப்படி இருக்கும் என்று எப்சிக்கும் தெரியும். சாயர்புரத்தில் அவளுடைய அப்பா, சர்ச்சில் கோயில்பிள்ளை வேலை பார்த்தவர், ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்துவிட்டு வந்து அதே கையால் அம்மாவை அடிப்பார். கதவு இடுக்கு வழியாக எட்டு வயசில் பார்த்துக்கொண்டு, செத்துப்போ செத்துப்போ என்று முணுமுணுத்திருக்கிறாள். அவர் சாகவில்லை, எண்பத்தொரு வயசு வரைக்கும் இருந்தார், கடைசியில் எப்சிதான் பீத்துணி மாற்றினாள், பாசத்தோடுதான் மாற்றினாள், அது பொய் இல்லை. இரண்டும் பொய் இல்லை. இரண்டாவது மடிப்பு ஒரு பக்கம் வந்தது, இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டது. தண்ணி விட்டாள். பொறு, பொறு. கத்தரிக்கோலை எடுத்து வந்த பாதியை வெட்டிப் போட்டாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் பேட்டையில் ஆவுடையப்பன் கழுத்திலும் இப்படித்தான் ஒட்டியிருந்தது. இல்லை, அவ்வளவு ஒட்டவில்லை. ஒட்டியிருந்ததா? பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாக்கில் புற்று, தங்கமான மனுஷன், பிள்ளைகளிடம்கூட அதட்டிப் பேசாதவர். அன்றைக்கு அவளுக்கு அது மூணாவது வீடு, மணி இரண்டு, காலையிலிருந்து ஒரு டீ. மகள் லோகுதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெரூன் டவலைக் கழுத்துக்குக் கீழே விரித்து, உப்புத்தண்ணி நிறைய விட்டுத்தான் எப்சி துணியை எடுத்தாள், முறைப்படிதான், ஒரு குறையும் இல்லை. எடுத்ததும் அவர் இருமினார். இருமியதும் சிவப்பாக ஒன்று துளிர்த்து வழிந்தது. எப்சி டவலை மடக்கி அமுக்கினாள். டவல் ஈரம். கையெல்லாம் ஈரம். அது எந்த ஈரம்? அவள் விட்ட உப்புத்தண்ணியா, ரத்தமா? மெரூனில் என்ன தெரியும். கையுறையில் சிவப்பு இருந்தது, எவ்வளவு சிவப்பு, பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பயந்துவிட்டார். தொண்டைக் குழாய் வழியாக மூச்சு விசில் மாதிரிக் கீச்சிட்டது, நிறுத்தாமல், நிறுத்தாமல். லோகு, அப்பா அப்பா என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். டாக்டரிடம் போன். எவ்வளவு ரத்தம் சிஸ்டர் என்றார் டாக்டர். நிறைய என்றாள் எப்சி. நிறைய. ஒரே வார்த்தை. அப்போ போடுங்க. போட்டாள். தோளில் குத்தி முழுசையும் தள்ளினாள், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள், அதுதான் இப்போது ராத்திரியில் வருகிறது, அந்தப் பல் கடிப்பு. இரக்கத்தில் ஒருத்தி பல்லைக் கடிப்பாளா? கீச்சிடல் அடங்கியது. கண் சொருகியது. பதினோராவது நிமிஷம் மூச்சு நின்றது. மூணு நிமிஷம் என்றுதானே பாடம், பதினொன்று எப்படி. பெரிய ரத்தப்போக்கு என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் தோளைத் தட்டி, நல்லாப் பண்ணினீங்க என்றார். லோகு மாசா மாசம் அந்தத் தேதி வந்தால் போன் போடுகிறாள், எங்கப்பாவை வலியில்லாம அனுப்பி வச்சீங்க அக்கா என்று. தீபாவளிக்குச் சேலை வேறு எடுத்துக் கொடுத்தாள். கத்தரிப்பூ நிறம், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

வாளி. அந்த வாளிக்கு வந்துவிட்டாள், வரக்கூடாது என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தாள். அன்றைக்கு அந்த டவலை லோகு கையில் கொடுக்க மனசில்லாமல், தானே கொல்லைப்புறம் கொண்டு போய் அலசினாள். பெயின்ட் வந்த வெள்ளை வாளி, எல்லார் வீட்டிலும் கிடக்குமே அது. முக்கி, கசக்கி, பிழிந்தாள். முதல் தண்ணி என்ன நிறம்? ரோஸ். வெறும் ரோஸ். இல்லை, இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கும், வெயில் கண்ணில் அடித்தது. டவல் முழுசாக விட்டிருக்காது, மெரூன் நூல் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி தொண்டைக்குள் இறங்கியிருக்கும், விழுங்கியிருப்பார். ஆமாம், விழுங்கியிருப்பார். அப்படித்தான் நாலு மாசமாக அவள் அந்த வாளியில் சிவப்புப் போட்டுக் கலக்கிக் கலக்கிக் கெட்டியாக்கிக்கொண்டிருக்கிறாள். போதும். இரண்டாவதின் மீதியும் வந்துவிட்டது, இனி மூணாவது, கடைசி மடிப்பு. அதில் ஒரு நூல் சதைக்குள் போய்த் தைத்த மாதிரி நிற்கிறது. எத்தனை தண்ணி விட்டும் அது மட்டும் இளகவில்லை. நூலைக் கத்தரிக்கலாம். கத்தரி முனை சதையில் படும். விரலால் தூக்கலாம். இழு என்றது கை. படிக்கல்லால் அடித்தவன். ஒரு இழுப்பு, பிரமு அக்காவுக்கு விடுதலை, இவருக்கு விடுதலை, நூல் தானாக வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடு, உனக்குத்தான் எழுதத் தெரியுமே. எப்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து விட்டாள். சொரிமுத்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி தாடையைத் தாங்கிக்கொண்டாள். தண்ணி விட்டாள், பொறுத்தாள், தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று போக ஆரம்பித்து ஓடெல்லாம் அதிர்ந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, அது போய் முடியட்டும் என்று பொறுத்தாள். முடிந்தது. ஓரத்தைப் பிடித்து, மேலே தூக்காமல், பக்கவாட்டில், மயிரிழை மயிரிழையாக மடக்கினாள். வந்தது. வந்தது. வந்துவிட்டது. நூலும் வந்துவிட்டது. சோத்திரம் ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது, அந்த நேரம் பார்த்து அவர் இருமினார். புண்ணின் அடியில் ஒரு ஓரம் திறந்து ரத்தம் வந்தது. காதைச் சுற்றி வழிந்து தலையணைக்குப் போனது. எப்சி ஒரு கையால் புண்ணைப் பொத்திக்கொண்டு, டவல் அக்கா, கட்டிலுக்கு அடியில் டவல் என்றாள். கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பிரமு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மூணும் புதுசு, கெட்டித் துணி, கறை தெரியாது, மக பேறுகாலத்துக்கு ஆகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். தப்பு யார் மேல், எப்சி மேல். டவல் எதற்கு என்று வீட்டாள்களிடம் சொன்னால் அன்றையிலிருந்து தூங்க மாட்டார்கள் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும் என்பதோடு சரி. பிரமு இடுப்பில் சாவியைத் தேடினாள், கோண விரலுக்குச் சாவி நிற்கவில்லை, கீழே விழுந்து எங்கேயோ உருண்டது. கொடியில் கிடந்த வேட்டியை உருவி எறிந்தாள். வெள்ளை வேட்டி, நீலம் போட்டு வெளுத்தது, கறிக்கடைக்காரர் கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டுகிற வேட்டி. எப்சி அதைப் பந்தாகச் சுருட்டிக் கழுத்தில் வைத்து அமுக்கினாள்.

சிவப்பு குபீரென்று பரவியது. ஆத்தாடி என்று உட்கார்ந்துவிட்டாள் பிரமு. எப்சி டாக்டருக்குப் போன் அடித்து, ஒலிபெருக்கியில் போட்டுத் தலையணையில் வைத்தாள், டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தாள், மூடியைப் பல்லால் கடித்து உருவினாள், எல்லாம் ஒற்றைக் கையால். சொரிமுத்து பதறவே இல்லை. இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டார். சட்டைக் கையைத் தானே தோளுக்கு மேலே சுருட்டி, அந்த உலக்கைக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் அறுத்த மனுஷன், தன் முறை வந்தது என்று கழுத்தைக் கொடுத்துப் படுத்திருக்கிறார். போட்டுருங்க சிஸ்டர் என்று கீழேயிருந்து பிரமு கும்பிட்டாள். இந்த வீட்டில் மூணு பேர், மூணு பேருக்கும் அது வேண்டும். ஊசி முனை தோளுக்கு மேல் ஒரு விரற்கடையில் நின்றது. எப்சி பல்லைக் கடித்திருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது, தாடை வலித்தது. எவ்வளவு ரத்தம் சிஸ்டர் என்றார் டாக்டர். அதே குரல், அதே கேள்வி. நிறைய என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வேட்டியைப் பார்த்தாள். வெள்ளையில் எல்லாம் தெரிந்தது. சிவப்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ஓரம் கட்டின மாதிரித் தெரிந்தது. இரண்டு உள்ளங்கை அகலம். கறுத்த சிவப்பு, பீறிடவில்லை, துடிப்புக்குத் துடிப்பு எகிறவில்லை. அமுக்கின இடத்தில் ஓரம் நகர்கிறதா? பார்த்தாள். எண்ணிக்கொண்டே பார்த்தாள். இருபது, முப்பது, நாற்பது. நகரவில்லை.

“கொஞ்சம்தான், டாக்டர்,” என்றாள் எப்சி. “அடங்கிட்டு வருது. ஊசி வேண்டாம்.”

பத்து நிமிஷம் அமுக்கிப் பிடித்தாள். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மெதுவாக எடுத்துப் பார்த்தாள், கசிவுகூட இல்லை. மருந்தில் நனைத்த புதுத் துணியை வைத்து, சுற்றிக் கட்டி, ஊசிக்கு மூடி போட்டாள். மூடி போடும் அந்தச் சின்னச் சத்தத்துக்குச் சொரிமுத்து கண்ணைத் திறந்தார். மேலே ஓட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார், மருந்து அப்படியே இருந்தது. அவர் முகம் போன போக்கை எப்சி இதுவரைக்கும் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. செத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுத்திருந்த ஆளைத் தட்டி எழுப்பி, இல்லை, இன்னும் இருக்கிறது, நாளைக்கும் இதே புண், இதே நாற்றம் என்று சொன்னால் எப்படி இருக்கும். கை சிலேட்டுக்குப் போனது. எழுதப் போகிறார் என்று அவள் குனிந்தாள். சிலேட்டை விளிம்போடு பிடித்து ஓங்கி அவள் கன்னத்து எலும்பில் ஒரே அடி. பொறி பறந்தது. நாற்காலியோடு சரிந்து சுவரில் இடித்து நின்றாள். சிலேட்டு இரண்டாகப் போய்த் தரையில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினார், கையில் ஒன்றும் இல்லை, காற்றில் ஒருமுறை குத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. குழாய் வழியாக அழுகை சத்தமில்லாமல் புஸ் புஸ் என்று வந்தது. பிரமு ஓடி வந்து முந்தானையால் எப்சியின் கன்னத்தைப் பொத்தினாள்.

“எனக்கு விழ வேண்டிய அடி, சிஸ்டர். தவறி ஒங்க மேல விழுந்துட்டு.”

எப்சிக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கன்னம் கொதித்தது, அந்தக் கொதிப்புகூட வேண்டியிருந்தது. இன்றைக்கு நீ போடவில்லை, கை உன் கையாகவே இருந்தது, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் முதுகில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள், அவர் தட்டிவிடவில்லை. பிறகு வேட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தாள். நான் அலசுகிறேன் என்று பிரமு கேட்டும் கொடுக்கவில்லை, அது அவள் வழக்கம், ரத்தத் துணியை வீட்டாள்களிடம் கொடுக்க மாட்டாள். துணி துவைக்கிற கல், பக்கத்தில் முருங்கை மரம், அடி பம்பு. வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பெயின்ட் வந்த வெள்ளை வாளி. அவள் அதை நிமிர்த்தி வைத்தாள், பிரமு பம்பை அடித்து அரை வாளி நிரப்பினாள். வேட்டியை முக்கிக் கசக்கினாள். தண்ணிக்குள் சிவப்பு புகை மாதிரிக் கிளம்பி, சுற்றி, அடி வரைக்கும் இறங்கி, வாளியே கறுத்துச் சிவந்துவிட்டது. உள்ளே போன அவள் விரல் தெரியவில்லை. பிரமு எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். இவ்வளவு ரத்தம் போயிருக்கே, பொழுதுக்குள்ள ஏதும் ஆயிருமா என்று கேட்டாள், பயந்தா ஆசைப்பட்டா, இரண்டும் கலந்துதான் கேட்டாள். எப்சி பதினொரு வருஷம் பழகின குரலில், வெயிலில் நின்றுகொண்டு, யோசிக்காமல் சொன்னாள்.

“இது கொஞ்சந்தாம்க்கா. இதுல யாரும் சாக மாட்டாங்க.”

சொன்ன வார்த்தை அவள் காதுக்கே திரும்பி வந்தது. குனிந்தபடியே நின்றாள். இன்றைக்கும் வெயில் அதே வெயில்தான், கண்ணில் அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நிறம் தெரிகிறது. இது முதல் தண்ணி. பேட்டையிலும் அது முதல் தண்ணி, அதே அரை வாளி. அன்றைக்கு வாளியின் அடியில் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்த எழுத்துத் தெரிந்தது, தண்ணி வழியாக அதை அவள் வாசிக்கக்கூடச் செய்தாள், இருபது லிட்டர் என்று. நாலு மாசமாக அது ஞாபகத்துக்கு வராமல் எங்கே ஒளிந்திருந்தது. அன்றைக்கு வாசிக்க முடிந்தது. இன்றைக்கு அடியே தெரியவில்லை. ஆவுடையப்பன் ஒன்றும் விழுங்கவில்லை. ஒரு துளி ரோஸ் தண்ணிக்கு, ஒரு கீச்சிடலைப் பொறுக்கமாட்டாமல், நிறைய என்று சொல்லிவிட்டாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உள்ளே சொரிமுத்து கட்டில் சட்டத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார், யாராவது வரச்சொல்லி. பிரமு வாளியின் காதைப் பிடித்துத் தூக்கி, முருங்கை மூட்டில் ஊற்றப் போனாள்.

“ஊத்தாதீங்க அக்கா,” என்றாள் எப்சி. “கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”

பிரமுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாளியை அவள் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எப்சி கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்து, டாக்டரிடம் சொல்லுமுன் லோகுவிடம் சொல்ல, அவள் நம்பரைத் தேடினாள்.